சொந்த அம்மா மாதிரி

"டீச்சரே, பேடிக்கண்டா. ஸ்வந்தம் அம்மயெப் போலெ ஞங்ஙள் நோக்கிக்கோளாம்."

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்று அந்த விருத்தசதனத்தின் மேலாளர் மலையாளத்தில் சொன்னது இது. பயப்படாதீங்க, சொந்த அம்மா மாதிரி பார்த்துக்கொள்கிறோம் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். அந்த அழுகைக்கு நடுவிலும் அவர் சொன்ன வார்த்தை ஒரு பிடிமானமாக இருந்தது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது யாராவது அதே வார்த்தையைச் சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். அங்கே வேலை பார்க்கும் பெண்களும் மனசாரத்தான் பார்த்தார்கள். சொந்த அம்மாவை ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானே நான்கு வருஷம் பார்த்தவள். அந்தப் பார்வை போதாது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், எருத்தேம்பதிப் பக்கம். கொஞ்சம் நிலம், நான்கைந்து மாடு. ஆளியாறு தண்ணீர் வந்த வருஷம் நெல், வராத வருஷம் கடலை. ஆனால் அடுப்பு எரிந்தது பாலில்தான். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கறவை, சாயங்காலம் மூன்றரைக்கு ஒரு கறவை, கையோடு பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள் அம்மா. என் கல்லூரிப் படிப்பும் தம்பியின் படிப்பும் அந்தக் கேனில் இருந்து வந்தவை. அப்பா போன பிறகும் மாடுகளை விடவில்லை. கணக்கு தப்ப ஆரம்பித்தபோதுதான் முதலில் சந்தேகம் வந்தது. ஊற்றிய பாலை ஊற்றவில்லை என்றாள், ஊற்றாததை ஊற்றினேன் என்றாள். கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அல்சைமர் என்ற மறதி நோய் என்று எழுதினார். மாத்திரையும் எழுதினார். அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று ஒரு வரி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்றே எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் மீடியம் பள்ளியில் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவள் நான். அம்மாவையும் மாணவி மாதிரி ஆக்கிவிட்டேன். "இது யாரு? பேரு சொல்லும்மா பாக்கலாம்" என்று வருகிறவர்கள் முன்னால் நிற்கவைத்துக் கேட்டேன். தப்பாகச் சொன்னால் திருத்தினேன். அடிக்கடி திருத்தினால் மூளை கெட்டியாகும் என்று நம்பினேன். ஒரு நாள் சாயங்காலம், "அப்பா எங்க கண்ணு, இன்னுங் காணோம்?" என்றாள். "அப்பா போயி ஒம்பது வருஷம் ஆச்சும்மா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கீழ் உதடு மட்டும் நடுங்கியது. அப்புறம் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அந்தச் செய்தி அந்த நிமிஷம்தான் வந்திருக்கிறது. அடுத்த நாள் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. எத்தனை தடவை என் அம்மாவை நான் விதவையாக்கினேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏன் அழுதோம் என்பது அவளுக்கு மறந்துவிடும். முகம் மட்டும் ராத்திரி வரை இருண்டு கிடக்கும். அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த படம் அவர்களுக்கு மறந்துபோனது, படம் தந்த துக்கம் அதற்குப் பின்னும் தங்கியிருந்தது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஒரு கேள்வித்தாளும் இருக்கிறது. அல்சைமர் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று அளப்பதற்கு 30 வாக்கியங்கள், சரியா தவறா என்று சொல்ல வேண்டும். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்துப் பார்க்கும் தாள். அதில் ஒரு வாக்கியம்: நோயாளி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், திரும்பக் கேட்கிறார் என்பதை அவருக்கு நினைவூட்டுவது நல்லது. தவறு என்பதுதான் விடை. நான்கு வருஷமும் நான் சரி என்றுதான் எழுதியிருப்பேன். "இதையேதான்மா இப்பக் கேட்ட" என்று தினம் இருபது தடவை சொன்னவள் நான். பாசத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சொந்த அம்மா மாதிரி என்பது ஒரு உத்தரவாதமே இல்லை.

வெள்ளம்

கடைசியில் என்னால் முடியவில்லை. ராத்திரி கதவைத் திறந்துகொண்டு தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். மாடு விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பள்ளி இருந்தது. தம்பி திருப்பூரில். சித்தூர்ப் பக்கத்தில் ஒரு விருத்தசதனம் மறவி ரோகம் உள்ளவர்களையும் எடுத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். பதினாறு பேர் இருந்தார்கள். பகலில் மூன்று பெண்கள், ராத்திரிக்கு ஒருவர், மேற்பார்வைக்கு ஒரு நர்ஸ். சேர்க்கும் படிவத்தில் ஆதார் எண் கேட்டார்கள், பிரஷர், சுகர், சைவமா அசைவமா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். அம்மா யார் என்று எங்கேயும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பெண்களை நம் ஊரில் ஹோம் நர்ஸ் என்போம். நர்ஸ் என்ற பேர் இருக்கும், நர்சிங் படித்திருக்க மாட்டார்கள். படித்த பிள்ளைகளில் நிறையப் பேர் வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் வேலையைக் கல்யாணம் ஆகி, கணவன் குடித்து, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டிய பெண்கள் செய்கிறார்கள். மலம் அள்ளுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், வசவு கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கேரளத்தில் 2011 கணக்குப்படியே நூற்றுக்கு 12.6 பேர் அறுபது தாண்டியவர்கள், இந்தியா முழுவதும் பார்த்தால் 8.6. நாட்டில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்று அண்மைக் கால ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பேரையும் யார் கையில் ஒப்படைக்கப் போகிறோமோ அவர்களுக்கு நாம் என்ன சொல்லித் தந்திருக்கிறோம்? குளிப்பாட்டு, ஊட்டு, மாத்திரை கொடு. அவ்வளவுதான்.

அம்மாவின் மலையாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தையில், பஞ்சாயத்து ஆபீசில், சொசைட்டியில் வழுக்காமல் பேசுவாள். ஆனால் கல்யாணமாகி வந்த பிறகு கற்ற மொழி அது. பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். இந்த நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் தேய்கிறது, முதலில் கேட்ட மொழி கடைசி வரை நிற்கிறது. அங்கே சேர்ந்த ஆறாவது மாதத்தில் அவளிடம் மலையாளம் ஏறக்குறைய இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது ஒரு பெண் டம்ளரை நீட்டி, "அம்மே, வெள்ளம் வேணோ?" என்றாள். அம்மா டம்ளரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் டம்ளரை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எல்லைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர், தமிழில் ஆற்றில் வரும் வெள்ளம், இரண்டும் தெரியும். அம்மாவுக்கு அப்போது ஒன்றுதான் தெரிந்திருந்தது. நான் "தண்ணி குடிக்கிறியாம்மா" என்றதும் இரண்டு டம்ளர் குடித்தாள். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, தம்பிக்குப் போனில் சொல்லிச் சிரித்தேன். மற்ற நாட்களில் எத்தனை டம்ளர் அப்படித் திரும்பிப் போயிருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

கடுக்குது

போன வருஷம் பங்குனியில், நல்ல வெயில் நேரம், ஒரு புதன்கிழமை போன் வந்தது. அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார்கள், தைலம் தேய்க்க வந்த பெண்ணைக் கையில் கடித்துவிட்டார்கள். "அசுகம் கூடி, டீச்சரே" என்றார் நர்ஸ். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். டாக்டரைப் போனில் கேட்டு அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சைக் காலம், சனிக்கிழமை வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை கேட்டபோது "இப்போள் சாந்தமாணு" என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை நின்றுவிடுகிறது. ஆமாம், நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்குத் தெரியாத எண்ணில் இருந்து இன்னொரு போன். ராத்திரி டியூட்டிக்குப் புதிதாக வந்திருந்த அக்கா. கோவிந்தாபுரத்துக்காரர், தமிழ்தான். குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஏனுங் டீச்சர், நாஞ் சொன்னேன்னு சொல்லாதீங்க. அம்மா கடுக்குது கடுக்குதுன்னு அடிவயித்தப் புடிச்சுட்டு இருக்குறாங்க. துணியும் ஒரு மாதிரி வாடை. இது மறதி நோய் இல்லீங்க. திடீர்னு மாறுனா அது மறதி நோய் இல்லீங்க, ஒடம்புக்கு வேற என்னமோ. கூட்டிட்டுப் போயிப் பாருங்க."

காலையில் முதல் பஸ். அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள், வாயோரம் எச்சில். விழாமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். நர்ஸின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு நாளும் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று எழுதியிருந்தது. அவள் பேசியது சம்பந்தமில்லாததா? நம் வீட்டில் சின்னப் பிள்ளைகூட நீர்க்கடுப்பு வந்தால் கடுக்குது என்றுதானே சொல்லும். மலையாளத்தில் மூத்ரக் கடச்சில் என்பார்கள். அந்த நர்ஸுக்கு அம்மாவின் சொல் ஒரு சத்தமாக மட்டும் கேட்டிருக்கிறது. மறதி நோய்க்காரர் பேசுவதில் அர்த்தம் இருக்காது என்று முன்பே முடிவு செய்திருந்ததால், தமிழ் தெரிந்த சமையல்காரரிடமாவது என்ன சொல்கிறார் என்று கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

பாலக்காட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூத்திரத்தில் தொற்று, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்றார்கள். காய்ச்சல் இல்லை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று வரும், அதன் அடையாளமே திடீர்க் குழப்பமாக இருக்கலாம் என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். டெலிரியம் என்பது அதன் பேர். மறதி நோய் மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் மெல்ல இறங்குவது. இது ஒரு நாளில், ஒரு ராத்திரியில் வருவது. தொற்று, மலச்சிக்கல், வலி, தண்ணீர்க் குறைவு, புதிய மாத்திரை, எதுவும் காரணமாகலாம். காரணத்தைப் பிடித்தால் மனுஷியைத் திரும்பக் கொண்டுவரலாம். சாந்தப்படுத்தும் மாத்திரையைக் கூட்டினால் காரணம் உள்ளேயே கிடக்கும். இப்படிக் கொடுக்கப்படும் ஆன்டிசைக்காட்டிக் மாத்திரைகள், அதாவது மனநோய்க்கான மருந்துகள், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. சில நேரம் தவிர்க்க முடியாமல் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அது டாக்டர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஆறு நாள் மருந்து ஏறிய பிறகு அம்மா என்னைப் பார்த்து, "பள்ளிக்கோடம் போகலையா கண்ணு?" என்றாள். பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பவில்லை. முக்கால் பங்கு திரும்பினாள்.

தண்ணீர் குடிக்காததால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டம்ளர் எனக்கு மறக்கவில்லை.

கோவிந்தாபுரத்து அக்காவைப் பிறகு தனியாகப் பார்த்து எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எட்டாவது வரை படித்தவர். முன்பு திருச்சூர்ப் பக்கம் மறதி நோயாளிகளுக்கான ஒரு மையத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கட்டிலில் யாரையும் தொடவிடவில்லையாம், வெறுமனே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "நெறையச் சொன்னாங்க டீச்சர், எல்லாம் மறந்துபோச்சு. இது ஒண்ணு மட்டும் நல்லாப் பதிஞ்சுது. திடீர்னு மாறுனா ஒடம்பப் பாரு." ஒரே ஒரு வாக்கியம். என் அம்மா உயிரோடு இருப்பது அந்த வாக்கியத்தால். அந்த வாக்கியத்தை ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க எத்தனை நிமிஷம் ஆகும்?

இந்த விஷயத்தில் கேரளம் பின்தங்கிய இடமும் இல்லை. இந்தியாவில் அல்சைமருக்காக முதன்முதலில் எழுந்த அமைப்பு 1992-இல் டாக்டர் ஜேக்கப் ராய் முயற்சியில் இங்கேதான் தொடங்கியது. திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளம் அதற்கு ஒரு தாய்வீடு போல. மாநில அரசே ஸ்மிருதிபதம் என்று மறதி நோய்க்குத் தனித் திட்டம் ஆரம்பித்து, பகல் பராமரிப்பும் முழுநேர மையமும் நடத்தியிருக்கிறது. விளக்கு அங்கே எரிகிறது, வெளிச்சம் எங்கள் சித்தூர் தாலுகாவின் கடைசிக் கட்டில் வரை வரவில்லை. வந்தாலும் மலையாளத்தில்தான் வரும். வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் தமிழ் பேசும் கிழவிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். துண்டால் கட்டியிருந்ததைப் பார்த்த நிமிஷம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். கட்டிய பெண் அழுதுவிட்டாள். "வீணு போகாதிரிக்கான் ஆணு டீச்சரே" என்றாள். விழுந்துவிடக் கூடாது என்றுதான். நானும் வீட்டில் ராத்திரி வெளியே பூட்டுப் போட்டவள்தான், தொலைந்துபோகக் கூடாது என்று. இரண்டும் பாசத்தில் செய்ததுதான். கட்டிப்போட்டால் எழ முயன்று விழுவது இன்னும் மோசமாகும், மூத்திரம் போக எழ முடியாமல் அங்கேயே போய்த் தொற்று வரும் என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒரு தாள்

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நடந்ததைச் சொன்னபோது, அங்கே புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 2015 முதல் ஒரு அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, அதன் பகுதிகளில் ஒன்றில் மறதி நோயும் வருகிறது என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அங்குள்ள அல்சைமர் சங்கம் ஒன்று, 'இதுதான் நான்' என்ற பொருளில் ஒரு படிவம் வைத்திருக்கிறது. நோயாளி என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன வேலை செய்தவர், எதற்குப் பயப்படுவார், எப்படித் தூங்குவார், எதைக் கேட்டால் மனசு ஆறும், எல்லாம் குடும்பத்தார் எழுதித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் பராமரிக்கிறவர்கள் உள்ளே போகிறார்களாம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம், ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் மலையாளம். தண்ணி என்று கேளுங்கள். கடுக்குது என்றால் மூத்திரம் போகும்போது எரிகிறது. நோவுது என்றால் வலி. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் பயப்படுவாள், காலில் இருந்து ஆரம்பியுங்கள். அப்பாவைக் கேட்டால் செத்துவிட்டார் என்று சொல்லாதீர்கள், அவர் எப்படி இருப்பார் என்று கேளுங்கள், அவளே பேசி முடிப்பாள். மூன்றரை மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகணும் என்பாள்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான் எனக்கே அது விளங்கியது. சாயங்காலம் ஆனால் அம்மா நிலைகொள்ள மாட்டாள், கதவைத் தட்டுவாள். அதற்கு சன்டவுனிங் என்று நர்ஸ் பேர் சொல்லியிருந்தார், இந்த நோயில் பலருக்கும் உள்ளதுதான். பேர் தெரிந்ததும் நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அவள் விரல்கள் செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போர்வை நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பாள். மேலே இறுக்கி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே கீழே இழுப்பாள். விடுவாள். மறுபடி மேலே. இடது கை, வலது கை, மாறி மாறி. சும்மா துணியைப் பிசைகிறாள் என்று நோட்டில் எழுதியிருந்தார்கள். அவள் வயிற்றில் பிறந்து, அந்தப் பாலில் படித்து, தொழுவத்து ஓரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய எனக்கும் அது கறவை என்று தெரியவில்லை.

அதையும் எழுதிச் சேர்த்தேன். இப்போது மூன்றரை மணிக்கு அவள் கையில் ஒரு பித்தளைச் செம்பு கொடுக்கிறார்கள், கோவிந்தாபுரத்து அக்கா ஏற்பாடு. முற்றத்தில் வேப்பமரம் வரைக்கும் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய் வருகிறார்கள். எல்லா நாளும் பலிப்பதில்லை. சில நாள் செம்பைத் தூக்கி எறிகிறாள், சில நாள் கதவைத்தான் தட்டுகிறாள். மற்ற பதினைந்து பேருக்கும் இந்த மாதிரித் தாள் வேண்டும் என்று மேலாளர் கேட்டார். ஆறு குடும்பம் எழுதிக் கொடுத்திருக்கிறது. மற்றவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். டெலிரியம் பற்றி ஒரு வகுப்பு வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆள் குறைவு, பார்க்கலாம் என்கிறார்கள். விடப்போவதில்லை.

போன வாரம் வண்டித்தாவளத்தில் இருந்து புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், இருபது வயதுகூட இருக்காது. அந்தத் தாளைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், மாட்டுப் பேரு என்னங்க? அம்மா கேக்குறாங்க, கட்டியாச்சான்னு. எந்த மாடுன்னு எனக்குத் தெரியல."

அதை எழுதாமல் விட்டிருந்தேன். செவலை என்று சொன்னேன். கடைசியாக விற்றது அதைத்தான். "செவலையைக் கட்டியாச்சும்மா" என்று அவள் அங்கே சொல்வது போனிலேயே கேட்டது.